நாண் இழுக்க விடாத கவுன்

குழு: பாளையங்கோட்டை வீடு

சனிக்கிழமை இரவு

மதினி: பாப்பா பிறந்தநாள் படங்களை எல்லாம் போட்டுவிட்டேன். கேக் வெட்டும் படம் கடைசியில் இருக்கிறது. அத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள்.

பெரியப்பா: பார்த்தேன். குழந்தைக்கு என் ஆசிகள். மனதில் பட்டதையும் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தோள் திறந்து, இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற கவுன் எதற்கு? கேட்டால் கார்ட்டூன் இளவரசி உடுத்துகிற உடை என்பீர்கள். அந்தப் படங்களையே நிறுத்துங்கள் என்கிறேன்.

அண்ணன்: பெரியப்பா, ஒரு சாயங்காலம் போட்டுக் கழற்றுகிற உடைதானே. குழந்தைகள் அதையெல்லாம் அப்படிப் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கிறோம்.

நான்: அண்ணே, நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். பஜாரில் ஒரு கடையில், அவளே கை காட்டியதுதான். உள்ளே முழுக்க வலைத்துணி, அக்குள் பக்கம் அராவிச் சிவந்துவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. மாடியில் எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். இவள் மட்டும் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்கு, “இளவரசி இப்படித்தான் உட்காருவா” என்றாள். மரம் ஏறுகிற பிள்ளை அது.

மதினி: ஆமாம், நானும் கவனித்தேன். பலூனை எட்டிப் பிடிக்கக் கையைத் தூக்கினாள், பாதியிலேயே இறக்கிவிட்டாள். கவுன் மேலே ஏறியது போல.

பெரியப்பா: இதைத்தான் நானும் சொல்கிறேன்.

அக்கா (டல்லஸ்): பெரியப்பா, நீங்கள் சொல்வதும் இவள் சொல்வதும் ஒன்றில்லை. இங்கே இப்போதுதான் காலை. காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கா (டல்லஸ்): 2012இல் டிஸ்னியின் பிக்ஸார் ஸ்டுடியோ எடுத்த ‘பிரேவ்’ கார்ட்டூன் படத்தை என் பெரியவளோடு தியேட்டரில் பார்த்தேன். ஸ்காட்லாந்து இளவரசி, பெயர் மெரிடா. வாரவே முடியாத சுருட்டைச் செம்பட்டை முடி, கையில் எப்போதும் வில். பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று அவள் அம்மா ஓர் இறுக்கமான நீல உடையை மாட்டிவிடுகிறாள். முடியையும் துணியால் மூடிவிடுகிறாள். மெரிடா அதிலிருந்து ஒரே ஒரு சுருளை வெளியே இழுத்து விடுவாள். அப்புறம், தனக்காகத் தானே வில் போட்டிக்கு வருகிறேன் என்று களத்தில் இறங்குகிறாள். நாணை இழுக்கப் பார்த்தால் உடை விடாது. தோளும் கையும் முதுகும் தையல் விட்டுக் கிழியும்படி இழுத்துவிட்டுத்தான் அம்பை விடுகிறாள். என் மகள் அந்த இடத்தில் இருக்கையைவிட்டு எழுந்து நின்றாள்.

தம்பி: அந்தக் காட்சியை நாங்கள் அனிமேஷன் பயிற்சியிலேயே பார்த்திருக்கிறோம் அக்கா. நடிகை மேல் நிஜத் துணியைக் கிழிப்பது ஒரு நிமிட வேலை. கணினியில் அப்படியில்லை. துணி எப்படித் தொங்கும், எங்கே சுருங்கும் என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். கிழியாத உடை ஒன்று, கிழிந்த உடை ஒன்று, நடுவில் தையல் விடுகிற கணம். இந்த வகைப் படத்தில் தற்செயலாக வந்த உடை என்று ஒன்று கிடையாது. கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுகூட யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததுதான். அதனால் குழந்தைகள் பார்ப்பதில்லை என்று அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு வேலையும் நடக்கிறது.

அக்கா (டல்லஸ்): சரியாகச் சொன்னாய். இனிதான் விஷயம். அடுத்த ஆண்டு, 2013 மே 11 அன்று, ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவில் மெரிடாவை 11ஆவது டிஸ்னி இளவரசியாகச் சேர்த்துக்கொண்டு விழா எடுத்தார்கள். அதையொட்டி அவளுடைய புதுப் படம் ஒன்று வந்தது. இடுப்பு சிறுத்துவிட்டது. கழுத்து இறங்கி, தோள் திறந்து, மினுமினுப்பு உடை. முடி அடங்கிவிட்டது. முகம் பெரிய பெண்ணின் முகம். வில்லைக் காணோம்.

மதினி: வில்லையே எடுத்துவிட்டார்களா?

அக்கா (டல்லஸ்): ஆமாம். எந்த மாதிரி உடையைக் கிழித்துத் தன் அம்பை விட்டாளோ, அதே மாதிரி உடையை மறுபடி அவளுக்கு மாட்டிவிட்டார்கள். இணையத்தில் ‘எ மைட்டி கேர்ள்’ என்ற அமைப்பு ஒரு மனு தொடங்கியது. 2 லட்சத்துக்கும் அதிகமான பேர் கையெழுத்துப் போட்டோம். போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், நானும் போட்டேன். அப்போது என் மகளுக்கு ஐந்து வயது.

பெரியப்பா: கழுத்து இறங்கியதற்காகத்தானே கையெழுத்து? நான் சொன்னது அப்போது சரிதானே?

அக்கா (டல்லஸ்): சிலருக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கும் பெரியப்பா. எனக்கு வில்தான். படத்தை உருவாக்கி எழுதிய பிரெண்டா சாப்மனும் வெளிப்படையாகவே கோபப்பட்டார். பணத்துக்காகப் பெண்களைத் தாழ்த்துகிற வேலை இது என்றார். தன் சொந்த மகளைப் பார்த்து அவர் உருவாக்கிய பாத்திரம் அது. பிக்ஸார் படத்தை இயக்க வந்த முதல் பெண் அவர். படத்தின் பாதியில் அவரை மாற்றிவிட்டு மார்க் ஆண்ட்ரூஸ் முடித்தார். ஆனாலும் 2013இல் ஆஸ்கார் இருவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. கையில் ஆஸ்கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, பெற்ற பெண்ணுக்கு இப்படிச் செய்தால் எப்படி இருக்கும்?

நான்: கம்பெனி என்ன சொன்னது அக்கா?

அக்கா (டல்லஸ்): அந்தப் படம் சேர்ப்பு விழாவுக்காக வரைந்தது, மெரிடா எப்போதும் போல மெரிடாதான் என்கிற மாதிரி பதில் வந்தது. அவர்களுடைய தளத்தில் பழைய வில்லோடு இருக்கிற உருவம் நின்றது. புது உருவத்தை அடியோடு விட்டுவிட்டோம் என்று சொல்லவில்லை.

தம்பி: படம் எடுக்கிறவர்கள் வேறு, பையிலும் டிபன் பாக்ஸிலும் போட உருவம் வரைகிறவர்கள் வேறு. விற்பனைப் பொருளுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருக்கும். எந்தக் கோணம், எந்த நிறம், எப்படிச் சிரிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எல்லா இளவரசிகளையும் ஒரே பையில் நிற்க வைக்க வேண்டும் என்றால், ஒருத்தி மட்டும் பரட்டைத் தலையும் வில்லுமாக நின்றால் ஒட்டாது என்று நினைத்திருப்பார்கள். அந்த ஒட்டாமைதான் அவள்.

அக்கா (டல்லஸ்): இளவரசிக் கூட்டமே உடையிலிருந்து பிறந்ததுதான். 2000 வாக்கில் ஆண்டி மூனி என்பவர் நைக்கியிலிருந்து வந்து டிஸ்னியின் பொருள் விற்பனைப் பிரிவுக்குத் தலைவரானார். ஃபீனிக்ஸ் நகரில் பனிச்சறுக்கு நிகழ்ச்சி பார்க்கப் போன இடத்தில், வரிசையில் நின்ற சின்னப் பெண்கள் எல்லாம் இளவரசி வேஷத்தில் நிற்பதைப் பார்த்தாராம். எதுவும் டிஸ்னி உடை இல்லை. அங்கேதான் யோசனை தோன்றி, பல படங்களின் நாயகிகளை ஒரே பெயரில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து கவுன்தான் முதல், கதை அப்புறம்.

பெரியப்பா: நீ விவரமாகச் சொல்கிறாய், மறுக்கவில்லை. ஆனாலும் கடல்கன்னிக்கு இரண்டு சிப்பி, அரபு இளவரசிக்கு வயிறு தெரிகிற ரவிக்கை. குழந்தைப் படத்தில் இது தேவையா என்று ஒரு தாத்தா கேட்கக் கூடாதா?

அக்கா (டல்லஸ்): கேட்கலாம் பெரியப்பா, கட்டாயம் கேட்கலாம். ஏரியல் 1989, ஜாஸ்மின் 1992. இரண்டைப் பற்றியும் இங்கே உள்ள பெற்றோரே பேசியிருக்கிறார்கள். மூடச் சொல்வதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பெட்டி பூப் என்று ஒரு கார்ட்டூன். ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோவில் 1930இல் பிறந்தவள். குட்டைக் கவுன், தொடையில் ஒரு பட்டை. அவள் பெரியவர்களுக்கான பாத்திரம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 1934இல் ஹாலிவுட் தணிக்கை விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தியதும் அவள் பாவாடை நீண்டது, தோள் மூடியது. கூடவே அவள் குறும்பும் போய்விட்டது. அடக்கமான பெண்ணாக வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். 1939இல் வரிசையே முடிந்தது. 1934இல் மூடினார்கள், 2013இல் திறந்தார்கள். இரண்டு தடவையும் போனது அவள் செய்கிற காரியம்தான்.

அண்ணன்: பெண் முயல் ஒன்று உண்டே, ‘ஸ்பேஸ் ஜாம்’ என்ற கூடைப்பந்துப் படத்தில். 1996இல் அதற்கு வயிறு தெரிகிற சட்டை. 2021இல் வந்த இரண்டாவது படத்தில் விளையாட்டு வீராங்கனை மாதிரி உடை கொடுத்தார்கள். மாற்றியதற்கு எவ்வளவு சண்டை! சண்டை போட்டவர்கள் எல்லாம் வளர்ந்த ஆண்கள். அன்றைக்கு நானும் ‘எதற்கு மாற்றினார்கள்’ என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், கூடைப்பந்து ஆடுகிறவளுக்கு ஆடுகிற உடைதானே சரி.

தம்பி: லோலா. அந்தப் படத்தின் இயக்குநர் மால்கம் டி. லீயே சொன்னார், பழைய உருவம் குழந்தைப் படத்துக்குப் பொருந்தவில்லை என்று.

மதினி: எனக்கு ஒரு சந்தேகம். பையன்கள் உடையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையா? நம் வீட்டுக் குட்டிக்கு சோட்டா பீம்தான் உயிர். வேட்டி மட்டும்தான், சட்டையே கிடையாது. ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

நான்: ஏனென்றால் பீம் அந்த வேட்டியோடு ஓடுகிறான், குதிக்கிறான், லட்டு சாப்பிடுகிறான் மதினி. உடை அவனைத் தடுப்பதில்லை.

அக்கா (டல்லஸ்): பையன் உடைக்கும் ஒரு தடவை பெரிய எதிர்ப்பு வந்தது மதினி. ‘மோவானா’ படத்தில் வருகிற மௌயி. 2016இல், படம் வெளிவருவதற்கு முன்னாலேயே, அவன் வேஷம் போட ஓர் உடை விற்றார்கள். பழுப்புத் தோல் நிறத்தில் முழு உடுப்பு, மேலே பச்சைக் குத்தல்கள். பசிபிக் தீவு மக்கள் கொதித்துவிட்டார்கள். பச்சை குத்துவது அவர்களுக்குக் குடும்ப வரலாறு, வழிபாடு. இன்னொருவருடைய தோலைக் குழந்தைக்குச் சட்டையாக மாட்டுவதா என்று கேட்டார்கள். செப்டம்பரிலேயே கம்பெனி மன்னிப்புக் கேட்டு உடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

பெரியப்பா: அது மிகவும் நியாயமான கோபம். அந்த மக்களை மதிக்கிறேன்.

மதினி: அத்தை ஏதோ சொல்லவேண்டுமாம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

மதினி: “ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஓட்டப் பந்தயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் கணுக்கால் வரை பாவாடை. விசில் ஊதுவதற்கு முன்னால் நான் பாவாடையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். மற்றவர்கள் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், நான் இரண்டு கையையும் வீசி ஓடினேன். முதலில் வந்தேன். எவர்சில்வர் டம்ளர் பரிசு. மேடைக்குக் கூப்பிட்டபோது எங்கள் அம்மா கூட்டத்திலிருந்து கையைக் காட்டினாள், சொருகியதை இறக்கிவிடு என்று. இறக்கிவிட்டுத்தான் வாங்கினேன். அந்தப் போட்டோ இருந்தது. அதைப் பார்த்தால் நான் ஓடினவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.”

அக்கா (டல்லஸ்): அம்மா. இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லையே.

மதினி: “நீங்கள் கேட்டதில்லை” என்கிறார்கள். டம்ளர் இன்னும் இருக்கிறதாம், பூஜை அலமாரியில். நான் தினமும் தண்ணீர் வைக்கிற டம்ளர் அதுதான்.

பெரியப்பா: எனக்கு அந்தப் பந்தயம் நினைவிருக்கிறது. நான் அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு. சொருகி ஓடியதற்காக வாத்தியார் முணுமுணுத்தார். பையன்கள் நாங்களும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

ஞாயிறு மாலை

நான்: மெரிடா படம் போட்டுக் காட்டினேன். கிழிகிற இடத்தை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள். “அவங்க அம்மா ஏன் சின்ன அளவு வாங்கினாங்க?” என்று கேட்டாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அப்புறம் அக்கா சொன்ன புது உருவத்தையும் செல்போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது அவ அக்காவா?” என்றாள்.

அக்கா (டல்லஸ்): 2 லட்சம் பேர் மனுவில் எழுதியதை ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

மதினி: வெள்ளிக்கிழமை அவளுக்கு நட்சத்திரப் பிறந்தநாள் வருகிறதே. அதற்கு என்ன போடப் போகிறாய்?

நான்: அம்மா கொடுத்த பச்சைப் பட்டில் பாவாடை சட்டை தைக்கலாம் என்று இருக்கிறேன். அவளும் சரி என்றாள். ஓடினால் சொருகிக்கொள்ளலாமா என்று கேட்டாள், ஆச்சி கதையைச் சொல்லியிருந்தேன்.

பெரியப்பா: துணியைக் கொடுத்தனுப்பு. நாளைக்குக் காலையில் நானே எங்கள் தெரு டெய்லரிடம் கொண்டு போகிறேன். தோள் மூடியிருக்க வேண்டும், அதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அக்குளிலும் முதுகிலும் தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்கிறேன். பாவாடைக்கு உள்ளே டக் பிடித்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

மதினி: மாமா, ஒரு பாக்கெட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

பெரியப்பா: சொல்கிறேன் அம்மா. அளவு வேண்டும்.

நான்: இப்போதுதான் டேப்பை எடுத்தேன் பெரியப்பா. சும்மா நில் என்றால் நிற்க மாட்டேன் என்கிறாள். ஒரு கையை முன்னால் நீட்டி, இன்னொரு கையைக் காதுவரை இழுத்துக்கொண்டு நிற்கிறாள். இப்படித்தான் அளக்க வேண்டுமாம். சும்மா நின்றால் முதுகுக்கு 11 இஞ்ச் வருகிறது. இப்படி நின்றால் 12.

பெரியப்பா: 12 என்றே சொல்லிவிடுகிறேன்.