மெயின்ஃப்ரேம் ஜாப் அபெண்டு ஆகி பாதில விழுந்தா, ஜிடிஜி (+1)-ஐ (0) ஆக்கணுமா, முதல்ல இருந்தே ஓட்டணுமா?

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
வணக்கம்பா. நேத்து ராத்திரி 2:40, லண்டன்ல அப்ப 10:10, க்ளையண்ட் பேட்ச் ஓடற நேரம். கீழ தெருவுல மீன்வண்டிங்க காசிமேடு போற சத்தம், அந்த நேரம் பார்த்து போன் அடிக்குது, பிரீமியம் ஜாப் எஸ்0சி7-ல (நம்பர் இருக்கற இடத்துல குப்பை இருந்தா வர்ற எரர்) விழுந்துகீது. ஜாப் சின்னது தான், ஸ்டெப் 10 சார்ட் பண்ணி ஒரு ஜிடிஜிக்கு (ஒரே பேஸ் பேருல வரிசை நம்பரோட சேர்ற ஃபைலுங்க, ஒவ்வொண்ணும் ஒரு ஜெனரேஷன்; (0)-னா கடைசியா பொறந்தது, (+1)-னா அடுத்து பொறக்கறது) (+1) எழுதும், 20 அதே (+1)-ஐ செக் பண்ணும், 30 அதை வெச்சு கணக்கு போடும், விழுந்தது 30. ரேட் ஃபைல்ல ஒரு குப்பை ரெக்கார்டு, அதை சரி பண்ணிட்டு நான் ஜாபை முதல்ல இருந்தே சப்மிட் பண்ணேன், ஜீரோ ரிட்டர்ன் கோடு, அதாவது பிரச்சனை இல்லாம முடிஞ்சுது, தூங்க போய்ட்டேன். காலைல லீடு கத்தறாரு, ஸ்டெப் 30-ல இருந்து தானே ரீஸ்டார்ட் பண்ணணும்னு. முதல்ல இருந்து ஓட்டினா இன்னா தப்பு? எனக்கு அதுதான் சேஃப்னு தோணுது.

பழைய_பெருச்சாளி:
தம்பி, லிஸ்ட்கேட் கமாண்ட் போட்டு, கேட்டலாக்ல (சிஸ்டத்தோட ஃபைல் பட்டியல்) இன்னா இருக்குன்னு பாத்தியா?

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
பாத்தேண்ணே. ஜி0045வி00, ஜி0046வி00, அதாவது 45-வது, 46-வது ஜெனரேஷன், ரெண்டும் கீது. ரெக்கார்டு கவுண்ட் ஒண்ணே தான்.

பழைய_பெருச்சாளி:
அப்ப விஷயம் முடிஞ்சுது. ஸ்டெப் 10 நல்லபடியா முடிஞ்சதால 45 அப்பவே கேட்டலாக் ஆயிடுச்சு, 30 விழுந்தா அது போகாது. நீ திரும்ப சப்மிட் பண்ணப்ப உன் ஜாபுக்கு (+1)-னா 46. இப்ப சொல்லு, மாசக்கடைசி ஜாப் அந்த ஜிடிஜிய எப்படி படிக்குது, நம்பர் போட்டா, வெறும் பேஸ் பேரு போட்டா?

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
வெறும் பேஸ் பேரு.

பழைய_பெருச்சாளி:
பேஸ் பேரு மட்டும் குடுத்தா இருக்கற எல்லா ஜெனரேஷனையும் சேர்த்து வரிசையா படிக்கும். அப்ப நேத்தைய பிரீமியம் ரெண்டு வாட்டி கணக்குல வரும். உங்க காசிமேட்டு ஏலத்துல ஒரே கூடைய ரெண்டு தடவ நோட்டுல எழுதின மாதிரி. அதான் சொல்றேன், எங்க விழுந்துதோ அங்கேந்து எழுப்பு, அதுக்கு முன்னாடி (+1)-ஐ (0) ஆக்கு.

வண்ணை_அக்கா:
பெருச்சாளி அண்ணே, நீங்க சொல்ற (0) மாத்தற வேலைய ராத்திரி மூணு மணிக்கு தூக்க கலக்கத்துல செய்யற பையனை நினைச்சு பாருங்க. ஸ்டெப் 30-ல ரெண்டு (+1) இருக்குன்னு வைங்க, ஒண்ணு 10-ல ஏற்கனவே பொறந்தது, இன்னொண்ணு 30 இனிமே தான் பெக்கப் போறது. முன்னதை (0) ஆக்கணும், பின்னதை தொடவே கூடாது. எல்லாத்தையும் சேஞ்ச் ஆல் போட்டு மாத்தி நேத்தைய அவுட்புட் மேலயே எழுதின கேஸ நான் என் கண்ணால பாத்திருக்கேன். நான் சொல்றது, விழுந்த உடனே 45-ஐ டெலீட் பண்ணிட்டு முதல்ல இருந்து ஓட்டு. ஜேசிஎல்ல (ஜாபை ஓட்ட எழுதற ஸ்க்ரிப்ட்) கை வைக்கவே வேணாம். கடைசி ஜெனரேஷன டெலீட் பண்ணா அடுத்த (+1) அதே 45-ஆ தான் வரும், நம்பர்ல ஓட்டை கூட விழாது.

பழைய_பெருச்சாளி:
சார்ட் நாலு மணி நேரம் ஓடற ஜாபா இருந்தா? பேட்ச் விண்டோவை உங்க அப்பா தருவாரா?

வண்ணை_அக்கா:
அப்பாவை இழுக்காதீங்கண்ணே. இவன் ஜாப் சின்னதுன்னு அவனே சொல்லிட்டான்ல.

ஒத்தியூர்_மெட்ரோ:
நடுவுல வரேன், மன்னிக்கணும். (0), (+1) எதுவும் வேணாம், ரீஸ்டார்ட் ஜேசிஎல்ல நேரா ஜி0045வி00-ன்னு முழு பேரு போடுங்க, சந்தேகமே இருக்காது.

பழைய_பெருச்சாளி:
அந்த முழு பேரை எடுக்க மறந்துட்டா? எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அப்படி போட்ட ஓவர்ரைடு மூணு வாரம் ப்ரொடக்‌ஷன்ல கெடந்துது, தினமும் அதே பழைய ஃபைலை சமத்தா படிச்சுது, ஒரு நாள் கூட ஜாப் விழல. விழுந்திருந்தா புண்ணியம்.

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
ஒண்ணு கேக்கட்டா? ஒண்ணுமே மாத்தாம ஸ்டெப் 30-ல இருந்து ரீஸ்டார்ட் குடுத்திருந்தா?

வண்ணை_அக்கா:
ஜேசிஎல் எரர், ஃபைலே இல்லன்னு. ஏன்னா அந்த புது சப்மிட்டுக்கு (+1)-னா 46, அது இன்னும் பொறக்கல. அது நல்லது தான் தம்பி, உடனே கத்தும். நீ செஞ்சது தான் கத்தாத தப்பு.

இதுல இன்னொரு ஆபத்து, லிமிட், அதாவது ஜிடிஜி எத்தனை ஜெனரேஷன் வெச்சுக்கும்ங்கற கணக்கு. லிமிட் 5, நோஎம்டி (தாண்டினா ரொம்ப பழசு மட்டும் போகும்), ஸ்க்ராட்ச் (போறது டிஸ்க்லயும் அழியும்)னு டிஃபைன் பண்ணின ஜிடிஜில ஒரே ராத்திரி மூணு வாட்டி முதல்ல இருந்து ஓட்டினா, பழசுல மூணு கேட்டலாக்ல இருந்தும் டிஸ்க்ல இருந்தும் காலி. எம்டி போட்டிருந்தா இன்னும் மோசம், லிமிட் தாண்டினதும் பழசு மொத்தமும் கேட்டலாக்ல இருந்து போயிடும்.

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
எங்களுது லிமிட் 35, நோஎம்டி.

ஒத்தியூர்_மெட்ரோ:
சாதா ஃபைலுக்கு பண்ற மாதிரி, ஜாப் முதல் ஸ்டெப்ல ஐஇஎஃப்பிஆர்14 (ஒண்ணும் செய்யாத டம்மி ப்ரோகிராம்) வெச்சு மாட்-டெலீட் (இருந்தாலும் இல்லாட்டியும் எரர் இல்லாம அழிக்கறது) போட்டுட்டா மிச்சம் கெடக்கறது தானா போயிடாதா?

பழைய_பெருச்சாளி:
போகாதுப்பா. நீ (+1)-ஐ டெலீட் பண்ண சொல்லுவ, அந்த ரன்னுக்கு (+1)-னா 46, மிச்சம் கெடக்கறது 45. ஜிடிஜில அந்த வித்தை பலிக்காது, எல்லாரும் ஒரு வாட்டியாவது இதுல ஏமாந்திருப்போம். கன்ட்ரோல்-எம் ரீஸ்டார்ட் மாதிரி டூல் இருந்தா அதுவே நம்பரை சரி பண்ணிக்கும், துட்டு குடுக்கணும், அவ்ளோதான்.

வண்ணை_அக்கா:
டூல் இல்லாத இடத்துல நான் சொன்னது தான்.

பழைய_பெருச்சாளி:
சின்ன ஜாபுக்கு ஒத்துக்கறேன். 30-க்குள்ள டிபி2 டேட்டாபேஸ் அப்டேட் பாதி கமிட் (நிரந்தரமா பதிவு) ஆயிருந்தா நீ முதல்ல இருந்து ஓட்டினாலும் டபுள் தான், அதையும் ஒத்துக்கோ.

வண்ணை_அக்கா:
ஒத்துக்கறேன். அதுக்கு 45-ஐ டெலீட் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
எங்க ஜாப்ல டிபி2 இல்ல, தப்பிச்சேன். மாசக்கடைசிக்கு இன்னும் ரெண்டு நாள் கீது. இப்ப எதை தூக்கறது, 45-ஐயா 46-ஐயா?

பழைய_பெருச்சாளி:
45. ஸ்டெப் 30 முழுசா ஓடினது 46-ஐ வெச்சு. 46-ஐ தூக்கினா இன்னிக்கு ராத்திரி ரன் திரும்ப 46-னு வரும், நாளைக்கு ஆடிட்காரன் ரெண்டு லாக்லயும் ஒரே பேரு, உள்ள வேற டேட்டான்னு வந்து நிப்பான்.

வண்ணை_அக்கா:
இதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா இன்னிக்கு பேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுடு, ஜாப் ஓடும்போது போய் டெலீட்ல கை வைக்காத.

ராயபுரம்_நைட்ஷிப்ட்:
லீடு கிட்ட மெயில் போட்டேன், அப்ரூவல் வந்துடுச்சு. டெலீட் பண்ணிட்டேன், லிஸ்ட்கேட்ல 44-க்கு அப்புறம் நேரா 46.