இரண்டு அடி நகர்ந்திருந்தால் கோரை போயிருக்குமா?

கரையோரன்:
பெரும்பாக்கம் சதுப்பில் எடுத்த செந்நாரைப் படத்தை நேற்று போட்டிருந்தேன். நாரையின் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சம்பங்கோரைத் தாள் குறுக்கே வருகிறது. அதற்கு நாரைப்பித்தன் சார் எழுதிய விமர்சனம் மொத்தமும் இதுதான்: "இரண்டு அடி நகர்ந்திருந்தால் கோரை போயிருக்கும். சோம்பேறிப் படம்." செந்நாரை கோரைக்குள்ளேயே நின்று மீன் பிடிக்கிற பறவை. கோரையே இல்லாமல் வேண்டுமென்றால் ஸ்டுடியோவுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

நாரைப்பித்தன்:
கோரைக்குள் நாரை இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? நாரை மூஞ்சியில் கோரை இருக்கக் கூடாது. இரண்டு அடி. அவ்வளவுதான் சொன்னேன்.

பாதிச்சம்பளம்:
அண்ணே, லென்ஸ்தான் கோளாறு. எஃப் 6.3-ல் எடுத்தால் இப்படித்தான். துவாரம் இன்னும் அகலமாகத் திறக்கிற 600 எம்எம் எஃப் 4 லென்ஸ் இருந்தால் அந்தத் தாள் மங்கிக் கரைந்தே போயிருக்கும்.

கானாங்கோழி:
கரையாது. நாரை 20 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 எம்எம், எஃப் 6.3 என்றால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. எஃப் 4-க்குப் போனால் 27 செ.மீ.க்குக் குறையும், அவ்வளவுதான். அந்தத் தாள் நாரைக்கு ஒரு சாண்கூட முன்னால் இல்லை. எந்த லென்ஸிலும் ஏறக்குறைய கூர்மையாகத்தான் விழும். நம் மூக்குக்கு முன்னால் ஆடுகிற புல்தான் கரையும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, அகலத் திறந்து வைத்தால் லேசான பச்சைப் புகைபோல ஆகிவிடும், பறவை அதன் வழியாகவே தெரியும்.

பாதிச்சம்பளம்:
வாங்க முடியாதவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள் 🙂

நாரைப்பித்தன்:
லென்ஸை விடுங்கள். இரண்டு அடி நகர்ந்தாரா இல்லையா?

கானாங்கோழி:
சார், அந்த இரண்டு அடிக்கே வருகிறேன். தாள் நாரைக்கு 15 செ.மீ. முன்னால், நாம் 20 மீட்டர் தள்ளி. 60 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் நாரை மேல் அந்தத் தாள் அரை செ.மீ.கூட விலகாது. ஐந்து செ.மீ. விலக வேண்டுமென்றால் நாம் ஆறேழு மீட்டர் போக வேண்டும். அதற்குள் வேறு நாலு தாள் குறுக்கே வரும். தாள் நமக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு அடி என்ன, தலையைச் சாய்த்தாலே போதும்.

நாரைப்பித்தன்:
ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து வேடந்தாங்கல், பழவேற்காடு என்று அலைகிறவன் நான். அப்போது யாரும் ஸ்கேல் வைத்துக்கொண்டு வரவில்லை. கண் இருந்தது, கால் இருந்தது. நகர்ந்தோம். இரண்டு அடி.

கரையோரன்:
நான் நின்ற இடத்தில் வலது பக்கம் சேறு, இடது பக்கம் மேடவாக்கம் போகிற ரோடு. தண்ணீர் லாரி வருகிறது. எந்தப் பக்கம் இரண்டு அடி சார்?

நாரைப்பித்தன்:
சேற்றுக்குப் பயந்தவர்கள் ஏன் சதுப்புக்கு வருகிறார்கள்?

மைனாக்குஞ்சு:
எதற்கு இவ்வளவு சண்டை? மொபைலில் அழிப்பான் இருக்கிறது, ஒரு தேய்ப்பில் கோரை போய்விடும்.

கானாங்கோழி:
தாள் மறைத்த அலகை அந்த ஆப் தானாக வரைந்து வைக்கும். அது நாரை அலகா? பெரிய காட்டுயிர்ப் போட்டிகளில் இருந்ததை அழித்தாலே படத்தைத் தள்ளிவிடுவார்கள்.

கரையோரன்:
அழிப்பதைவிட மோசமானவர்களும் இருக்கிறார்கள். போன சீசனில் இலைக்கோழி என்ற நீர்ப்பறவையின் முட்டைக்கு முன்னால் இருந்த தழையைக் குச்சியால் ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தது யார் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மறைப்பு போன முட்டையைக் காக்காய் விட்டுவைக்குமா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையைத் தொந்தரவு செய்தாலும் வேட்டைதான்.

நாரைப்பித்தன்:
பெயரைச் சொல்லிப் பேசவும். ஜாடை வேண்டாம்.

கரையோரன்:
நான் யாரையும் சொல்லவில்லையே. உங்களுக்கு ஏன் சுடுகிறது?

நாரைப்பித்தன்:
அந்தத் தழை காற்றில் தானாக ஒதுங்கியது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பேச்சை மாற்ற வேண்டாம். இரண்டு அடி நகரச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கானாங்கோழி:
பதில் மேலே இருக்கிறது. அரை செ.மீ.

நாரைப்பித்தன்:
உங்கள் அரை செ.மீ.யை நீங்களே ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

பாதிச்சம்பளம்:
600 எஃப் 4 பற்றி யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

மைனாக்குஞ்சு:
அந்த நாரை இப்போதும் அங்கே இருக்கிறதா? லொகேஷன் அனுப்புங்களேன்.

கரையோரன்:
அனுப்ப மாட்டேன். போன தடவை அனுப்பியதும் மறுநாளே பத்து கார் வந்து நின்றது. அதில் ஒன்று வெள்ளைக் கார், கதவைப் படாரென்று சாத்தி மொத்தக் கூட்டத்தையும் பறக்கவிட்டது.

நாரைப்பித்தன்:
சென்னையில் வெள்ளைக் கார் என்னிடம் மட்டும்தான் இருக்கிறதா?