யு.எஸ் நேவி ஓசிஎஸ்: ரெக்கமண்டேஷன் லெட்டர் கர்னல்கிட்ட வாங்கவா, மேனேஜர்கிட்ட வாங்கவா? குழப்பம், உதவுங்க

நீலக்கடல்24:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல இருக்கேன், சிட்டிசன்தான், மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன். நேவில ஆபீசரா சேர ஓசிஎஸ்க்கு (ஆபீசர் ட்ரெய்னிங் ஸ்கூல்) அப்ளை பண்றேன், அதுக்கான ஓஏஆர் டெஸ்ட் எழுதி 54 வந்தாச்சு, மத்த பேப்பரெல்லாம் ரெடி, லெட்டர்லதான் முழிச்சுட்டு நிக்கிறேன். அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் ரிட்டயர்டு ஆர்மி கர்னல், நான் பாத்தது மொத்தமே ரெண்டு தடவை, ஆனா அப்பா அவர்தான் வெயிட்டுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அப்புறம் காலேஜ் புரொஃபசர், ஆபீஸ் மேனேஜர், நான் வாலன்டியரா போற ஆம்புலன்ஸ் ஸ்குவாட் கேப்டன். யாரைப் புடிக்கிறது?

பரங்கிமலைவாசி:
இதென்ன புதுசா இருக்கு, நம்ம ஊர் சிடிஎஸ்ல (ராணுவ ஆபீசர் செலக்ஷன்) லெட்டரே கிடையாதே, யுபிஎஸ்சி பரீட்சை, அப்புறம் எஸ்எஸ்பி இன்டர்வியூ 5 நாள், மெடிக்கல், அவ்ளோதான்

பழைய_சார்ஜென்ட்:
அங்க அப்படி, இங்க சிஸ்டமே வேற. தம்பி, நான் ஆர்மில சோல்ஜரா சேர்ந்து உள்ள இருந்துக்கிட்டே ஓசிஎஸ் போனவன், ஜார்ஜியா ஃபோர்ட் பென்னிங், 12 வாரம் (நடுவுல 2023ல ஃபோர்ட் மூர்னு மாத்துனாங்க, 2025ல திரும்பவும் பென்னிங்). உள்ள இருக்கிறவனுக்கு கம்பெனி கமாண்டர், பட்டாலியன் கமாண்டர்னு மேல இருக்கிறவங்க எழுதணும், பெருசா சாய்ஸ் இல்ல. உனக்கு சாய்ஸ் இருக்கு, அதைக் கெடுத்துக்காத. செலக்ஷன் போர்டுல உக்காந்து லெட்டரைப் படிக்கிறவங்களும் ஆபீசருங்கதான், கர்னல்னு பாத்து மிரள மாட்டாங்க, "நல்ல குடும்பத்துப் பையன், ஒழுக்கமானவன்"னு ரெண்டு வரி இருந்தா இவருக்கு இவனைத் தெரியவே தெரியாதுன்னு உடனே புரிஞ்சிடும். ஆம்புலன்ஸ் கேப்டனைப் புடி. ராத்திரி கால் வந்தப்போ நீ என்ன முடிவெடுத்தே, புதுசா வந்தவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்னு அவர்தான் கண்ணால பாத்திருக்காரு. நாலு பேரை நடத்துவியாங்கிறதுதான் அவங்களுக்கு வேணும்.

எச்ஆர்_அக்கா:
மேனேஜரும் நல்ல சாய்ஸ்தான், ஆனா நீங்க வேலையை விட்டுப் போகப்போறது அவருக்குத் தெரியுமா? தெரியாதுன்னா பழைய டீம் லீட் யாராவது இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, செலக்ஷன் முடிவு வர மாசக்கணக்கா ஆகலாம், அதுவரைக்கும் அதே ஆபீஸ்லதான் குப்பை கொட்டணும். இன்னொண்ணு, "லெட்டர் தருவீங்களா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "என்னைப் பத்தி அழுத்தமா எழுத உங்களால முடியுமா"ன்னு கேளுங்க. இழுத்தாங்கன்னா தேங்க்ஸ் சொல்லிட்டு நகர்ந்துடுங்க, மனசில்லாம எழுதுற லெட்டர் இருக்கிறதை விட இல்லாததே மேல்.

நீலக்கடல்24:
அக்கா, மேனேஜருக்குத் தெரியாது 😬 பழைய லீட் இருக்காங்க, கேக்குறேன். புரொஃபசர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்"னுட்டாரு, என்ன பண்ண?

பழைய_சார்ஜென்ட்:
முழுசா எழுதிக் கொடுக்காத. எல்லா லெட்டரும் ஒரே ஆள் குரல்ல இருந்தா படிக்கிறவனுக்குத் தெரியாதா. அவர்கிட்ட பண்ண ப்ராஜெக்ட், அதுல எங்க சொதப்பி எப்படிச் சரி பண்ணே, எதுக்கு அப்ளை பண்றே, ரெசுமே, கடைசித் தேதி, எல்லாத்தையும் ஒரு பக்கத்துல குறிப்பா கொடு, மிச்சத்தை அவர் வார்த்தையில எழுதட்டும். கடைசித் தேதியை நிஜத் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லு, புரொஃபசருங்க எல்லாம் அப்படித்தான். தேதி, கையெழுத்து இருக்கான்னு பாரு. எத்தனை லெட்டர், எந்த ஃபார்மட்டுன்னு உன் ஆபீசர் ரெக்ரூட்டர்கிட்ட கேளு, சிப்பாய் எடுக்கிற ரெக்ரூட்டர்கிட்ட போய் நிக்காத, அது வேற டிபார்ட்மென்ட்.

நீலக்கடல்24:
அப்டேட்: ஸ்குவாட் கேப்டன் ஓகே சொல்லிட்டாரு, நானே மறந்துபோன ஒரு ஆக்சிடென்ட் கால் பத்தி அவரா பேச ஆரம்பிச்சாரு. லீடும் ஓகே. ஆனா அப்பா ஏற்கனவே கர்னல் அங்கிள்கிட்ட கேட்டுட்டாராம், அவரும் சரின்னுட்டாராம், இப்போ வேணாம்னு எப்படிச் சொல்ல??

எச்ஆர்_அக்கா:
வேணாம்னு ஏன் சொல்றீங்க. "அங்கிள், லெட்டரை விட எனக்கு இன்டர்வியூ பயம்தான் ஜாஸ்தி, ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டு வறுத்தெடுங்க"ன்னு போன் போடுங்க. அவருக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும் கவுரவம்.