ஹீட் முடிந்து ஆறு வாரம், நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது: திங்கள்வரை காத்திருக்கலாமா?

ஈசூன் குமார்:
ஷீ சூ நாய், பெண், 8 வயசு, 6 கிலோ. கருத்தடை செய்யல. ஹீட் (இணைசேரும் பருவம்) முடிஞ்சு ஆறு வாரம் இருக்கும். ரெண்டு நாளா கிண்ணம் வைக்க வைக்கத் தண்ணி காலியாகுது, ராத்திரி ஹால்லயே சிறுநீர் போயிடுது. நேத்து வாலடி முடியில செம்பழுப்பா ஏதோ பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு, கெட்ட வாடை. இன்னிக்கு அந்தக் கசிவு நின்னுடுச்சு. ஆனா காலையிலிருந்து சாப்பாட்டைத் தொடல, ஒரு தடவை வாந்தி. வழக்கமா போற கிளினிக் திங்கள்தான் திறக்கும். தோல் புண்ணுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு, அதைக் கொடுத்துட்டுக் காத்திருக்கலாமா? ஆபரேஷன் இல்லாம சரியாகுமா?

செங்காங் மீனா:
குமார், திங்கள்வரை வேண்டாம். இப்பவே 24 மணி நேர கிளினிக்குக்குக் கிளம்புங்க. நீங்க சொல்ற எல்லாமே பயோமெட்ராவுக்கு, அதாவது கருப்பையில சீழ் கட்டுறதுக்கு, அப்படியே பொருந்துது.

கசிவு நின்னது நல்ல செய்தின்னு நினைக்காதீங்க. கருப்பை வாய் மூடிக்கிட்டா சீழ் வெளியேற வழியில்லாம உள்ளேயே சேரும். கருப்பை உப்பும், கிருமியோட நச்சு ரத்தத்துல கலக்கும், கிழிஞ்சா வயிறு முழுக்கப் பரவிடும். தண்ணி தாகமும் இதாலதான். பெரும்பாலும் ஈ.கோலை கிருமிதான் காரணம். அதோட நச்சு, சிறுநீரகம் தண்ணியைத் திரும்ப உறிஞ்சுற வேலையைக் கெடுத்துடும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சா அளவு மீறின தாகம், உங்க நாய்க்கு அது 600 மில்லி. அதுக்காக அளந்து பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடவும் வேண்டாம், சிறுநீரகம் இன்னும் மோசமாகும்.

மிச்ச மாத்திரை கொடுக்காதீங்க. சீழ் வெளியேறாம மாத்திரை மட்டும் குணப்படுத்தாது, ஒரு நாள்தான் வீணாகும். பனடால், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை கூடவே கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், அதனால சாப்பாடும் இனி வைக்காதீங்க. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில, இன்னொரு கை பின்தொடைக்கடியில இருக்கட்டும். வயித்தை அழுத்திப் பார்க்கவே கூடாது.

சிங்கப்பூர்ல பஸ், எம்ஆர்டி ரயில்ல நாயை ஏத்த மாட்டாங்க. கிராப் ஆப்ல கிராப்பெட் (செல்லப்பிராணியோட போற வண்டி), இல்லன்னா செல்லப்பிராணி டாக்சி கூப்பிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு, “பயோமெட்ரா சந்தேகம், ஹீட் முடிஞ்சு ஆறு வாரம், கசிவு நின்னுடுச்சு”ன்னு இந்த மூணையும் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரியே ஸ்கேனும் ஆபரேஷனும் செய்ய ஆள் இருக்காங்களான்னும் கேளுங்க.

நாலுகால் நேசன்:
மீனா சொன்னதுதான் சரி. ஆபரேஷன் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன் தம்பி.

ஹீட்டுக்குப் பிறகு, கரு தங்கினாலும் தங்காவிட்டாலும், சுமார் ரெண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஓங்கியே இருக்கும். கருப்பையின் உள்சுவர் தடிக்கும், சுரப்பு கூடும், தசை சுருங்காது, வாயும் மூடும். கிருமி வளர இதைவிட வாகான இடம் கிடையாது. ஒவ்வொரு ஹீட்டிலும் இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் நடுவயதைத் தாண்டிய பெண் நாய்களுக்கு இது அதிகம்.

ஊசியால் குணப்படுத்தும் முறையும் உண்டு. அக்லெப்ரிஸ்டோன் என்ற மருந்து புரோஜெஸ்டிரோனைத் தடுத்து கருப்பை வாயைத் திறக்க வைக்கும். ஆனால் திறக்கவே ஒன்றிரண்டு நாள் ஆகலாம். குட்டி எடுக்க வேண்டிய, இளம் வயது, சிறுநீரகம் கெடாத, சீழ் வெளியே வந்துகொண்டிருக்கிற நாய்க்குத்தான் அது ஏற்றது. அப்படிக் குணமானாலும் அடுத்த ஹீட்டுகளில் திரும்பலாம். 8 வயது, வாந்தி, கசிவும் நின்றுவிட்டது என்றால் கருப்பையையும் இரு சினைப்பைகளையும் எடுப்பதே வழி.

போனவுடன் கத்தி வைக்க மாட்டார்கள். முதலில் ரத்தத்தில் வெள்ளையணு, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சர்க்கரை பார்ப்பார்கள். சாதாரணக் கருப்பை ஸ்கேனில் தேடினாலும் சரியாகத் தெரியாது. சீழ் கட்டியதோ கருத்த தடித்த குழாய்களாகத் தெளிவாகத் தெரியும். சில மணி நேரம் டிரிப்பும் ஆன்டிபயாடிக்கும் ஏற்றி, ரத்த அழுத்தம் நிலைக்கு வந்த பிறகே ஆபரேஷன். சாதாரணக் கருத்தடையைவிட இதற்குச் செலவு ஏன் கூடுதல் என்று பலர் கேட்கிறார்கள். பழுத்த கருப்பை தொட்டாலே கிழியலாம், நோயுற்ற உடம்பு மயக்க மருந்தைத் தாங்க வேண்டும், ஒன்றிரண்டு இரவு கண்காணிப்பும் வேண்டும். உத்தேசச் செலவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டிரிப்பும் தங்கும் கட்டணமும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

ஈசூன் குமார்:
கார் வந்துடுச்சு, கிளம்பிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்கணும்?

செங்காங் மீனா:
ஈறு நிறத்தை இன்னிக்கே பார்த்து வைச்சுக்குங்க. விரலால அழுத்தி விட்டா வெளுத்துட்டு ரெண்டு வினாடிக்குள்ள இளஞ்சிவப்பு திரும்பணும். திரும்ப நேரமானாலோ, ஈறு வெளிறியோ செங்கல் நிறமாவோ இருந்தாலோ, போற வழியிலயே கிளினிக்குக்குச் சொல்லிடுங்க.

வந்த பிறகு 10-லிருந்து 14 நாள் கழுத்துல கோன் (தையலை நக்க விடாம தடுக்குற கூம்பு) இருக்கணும். சாப்பிடும்போதும் நீங்க பக்கத்துல இருந்தாத்தான் கழட்டலாம். சோபாவுல ஏற விடாதீங்க, டைல்ஸ் தரையில வழுக்காத பாய் போடுங்க. புளோக்குக் கீழ கயித்தோட அஞ்சு நிமிஷ நடை போதும். குளிப்பாட்டக் கூடாது. நம்ம ஊர்ப் புழுக்கத்துல தையல் ஈரமாவே இருக்கும், அதனால விசிறிக் காத்து படுற இடத்துல படுக்க வைங்க. தையல் ஓரம் லேசா சிவந்திருந்தா பரவாயில்ல, சீழோ வாடையோ வந்தா உடனே காட்டுங்க. தாகம் ஒரு வாரத்துல குறையலன்னா சிறுநீரக ரத்தப் பரிசோதனையை மறுபடி கேளுங்க.

நாலுகால் நேசன்:
சினைப்பைத் துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டால், மிஞ்சிய கருப்பை நுனியில் மறுபடி சீழ் பிடிக்கலாம். சில மாதம் கழித்து ஹீட் அறிகுறி தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். கருத்தடைச் சான்று கேட்டு வாங்குங்கள். ஏவிஎஸ் (சிங்கப்பூரின் விலங்கு, கால்நடைச் சேவை அமைப்பு) தரும் நாய் உரிமம் கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி.