எங்கள் பிள்ளைகளுக்குத் தெம்பு கொடுத்தவர்கள்

காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி வழியாகப் புரதம் ஒழுகிப் போய்விடும். காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கியிருக்கும், சிறுநீர் நுரை நுரையாகப் போகும். பத்துப் பிள்ளைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஸ்டீராய்டு மாத்திரை கேட்கும் என்று டாக்டர் சொன்னார். இவனுக்கும் கேட்டது. ஆனால் ஒரு சளி, ஒரு காய்ச்சல் வந்தால் போதும், மறுபடியும் வந்துவிடும். மாத்திரையால் கன்னம் உப்பி, பள்ளியில் 'பன்னு' என்று பட்டப்பெயர் வேறு.

எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம்தான் பிழைப்பு. வீக்கம் இருக்கும் நாட்களில் பிள்ளைக்கு உப்பு ஆகாது. வீடு முழுக்கக் கருவாடு மணக்கும், அவன் தட்டில் மட்டும் உப்பில்லாத சோறு. 'எனக்கு மட்டும் ஏம்மா?' என்று கேட்பான். என்ன பதில் சொல்வது?

வார்டில் இருந்தபோது பெரிய மனிதர்கள் வந்து பழமும் பொம்மையும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனசு, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் இவனை எழுப்பி உட்கார வைத்தவர் அந்த வார்டுப் பக்கமே வராத ஒருவர்: ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் கேமரூன் கிரீன். 2023 மே மாதம் சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் எலிமினேட்டர் ஆட்டத்தில் மும்பைக்காக 23 பந்தில் 41 அடித்தாரே, அதை டிவியில் வாய் பிளந்து பார்த்தவன் இவன். அதே வருஷம் டிசம்பரில் அவரே வெளியில் சொன்னார், தனக்குப் பிறவியிலேயே சிறுநீரக நோய் என்று. வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்ததாம். சிறுநீரகம் 60 சதவீத அளவுக்குத்தான் வேலை செய்கிறது. 12 வயதைத் தாண்டுவாரா என்றே பெற்றோருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. என் பெண் போனில் இதைப் படித்துவிட்டு, "அவரும் உப்பு குறைச்சுதான்டா சாப்பிடறாராம்" என்றாள். "அவருக்குமா?" என்றான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவருக்கு இருப்பது சிறுநீர்ப் பாதையில் வந்த அடைப்பு, உனக்கு இருப்பது வேறு என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். பிள்ளையிடம் பொய் நம்பிக்கை வளர்க்கக் கூடாது. அவனுக்கு அது புரிந்தது. அதற்குப் பிறகு காலையில் புரதம் போகிறதா என்று சிறுநீரில் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். பட்டை மஞ்சளாகவே இருந்தால் நோட்டில் 'இல்லை', பச்சை தட்டினால் டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டு ஒரு பிளஸ்ஸா, இரண்டு பிளஸ்ஸா என்று எழுதுவான். நான் எழுதியது அவனுக்குப் பிடிக்காது, கோடு கோணலாக இருக்கிறதாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு இப்படி யாராவது உண்டா? எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

அக்கா, நான் இங்கே பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்து, மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸில் இருக்கும் பையன் ஒருவன் சாயந்திரம் மைதானத்தின் ஓரத்தில் வந்து உட்காருவான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்துலா போட்ட கையில் என் விரலை வைத்து, "அண்ணா, பாருங்க, மோட்டார் ஓடுது" என்பான். நிஜமாகவே தோலுக்கு அடியில் கிர்ரென்று அதிரும். அவன் அம்மா கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அதன் பிறகு யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவனுக்குக் குரோஷியா வீரர் இவான் கிளாஸ்னிச்சைப் பற்றிச் சொன்னேன். 2007-இல் அவருக்கும் முதலில் அம்மாவின் சிறுநீரகம்தான் வைத்தார்கள், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அப்பா கொடுத்தார், அது ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷமே யூரோ 2008-இல் போலந்துக்கு எதிராக ஒரு கோல், துருக்கிக்கு எதிராக ஒரு கோல். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பையன் கோலைப் பார்த்ததைவிட, "முதல்ல அம்மாது, அப்புறம் அப்பாதா?" என்று கேட்டதுதான் அதிகம். அன்றைக்கு அவன் அப்பாவும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

இப்போது டாக்டரைக் கேட்டுக்கொண்டு பாஸிங் மட்டும் பழகுகிறான். முட்டி மோதும் ஆட்டம் கிடையாது. நாளைக்கு மாற்று சிறுநீரகம் வைத்தாலும், அது அடிவயிற்றில் முன்பக்கமாக இருக்கும் என்பதால் கவனமாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மகனிடம் ஜோனா லோமு பேரையும் சொல்லுங்கள் அக்கா. நியூசிலாந்து ரக்பி வீரர், அவருக்கும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்தான். நோய் தெரிந்த பிறகு 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை (ஃபுட்பாலில் கோல் மாதிரி) போட்டார். 2004-இல் நண்பர் ஒருவர் சிறுநீரகம் கொடுத்தார். லோமு தன் நாட்டில் சிறுநீரக நோயுள்ள பிள்ளைகளுக்கான அமைப்புக்குப் புரவலராகவும் இருந்தார். 2015-இல், 40 வயதில் காலமானார். அதைப் பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எனக்குச் சின்ன வயதிலேயே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் கிடைத்தது. யாருடையது என்று தெரியாது. அதனால் எனக்கு முன்மாதிரி ஒரு விளையாட்டு வீரர் இல்லை, ஹிதேந்திரனின் அப்பாவும் அம்மாவும்தான். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்த திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி. அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போனது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்றால் என்ன என்று சாதாரண ஜனங்கள் டீக்கடையில் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் முழுசாகப் படிப்பேன். பெயர் தெரியாத அந்த ஒருவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவேன்.

மார்ச் இரண்டாம் வியாழன் உலக சிறுநீரக தினம். அதையொட்டிப் பிள்ளைகள் வார்டுக்குப் போய்ப் பேசுவேன். பாட்டு, பரிசு எதுவும் வேண்டாம் அவர்களுக்கு. "வலிச்சுதா?", "ஸ்கூலுக்குப் போனீங்களா?", "தண்ணி இஷ்டத்துக்குக் குடிக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். வலித்தது, போனேன், இப்போது குடிக்கிறேன் என்று சொல்வேன். டயாலிசிஸில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் அளந்துதான் கிடைக்கும், அதனால் கடைசி பதிலுக்குத்தான் கண் விரியும்.

காசிமேட்டு அக்கா, வியாசர்பாடி அண்ணா, அந்தப் பையன்களிடம் பேச ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன். காலை 8, இரவு 8 எனக்கு மாத்திரை நேரம். மற்றபடி எப்போது கூப்பிட்டாலும் சரி.