கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள்: மருந்தை எங்கே, எப்போது குடிப்பது?

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

வணக்கம். 64 வயதான என் அப்பாவுக்கு மூன்று மாதமாக மலத்தோடு அவ்வப்போது இரத்தம் போகிறது. மூலம்தான் என்று சொல்லிக் கைமருந்தோடு நாளைக் கடத்தியவரை ஒருவாறு கிளினிக்கிற்குக் கூட்டிச் சென்றபோது, இரத்தச்சோகையும் இருப்பதால் கொலனோஸ்கோப்பி (கமராக் குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்து பார்க்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் அடுத்த புதன்கிழமை காலை 10 மணிக்குத் திகதி கிடைத்திருக்கிறது. குடலைச் சுத்தமாக்கத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பேதித் தூள் பைக்கற்றுகளைத் தந்து, பாதியை முதல் நாள் மாலையிலும் மீதியை அன்று அதிகாலையிலும் குடிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். அதிகாலையில் அதைக் குடித்துவிட்டு, மாங்குளம் வந்து, ஏ-9 வீதியில் பஸ்ஸில் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் மலசலகூடமோ வளவின் பின்கோடியில் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வருத்தமும் உண்டு. முழுவதையும் முதல் நாளே குடித்து முடித்தால் என்ன? வலிக்குமா என்றும் அவர் கேட்கிறார். என்னிடம் அல்ல, அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

கனகராயன், மாங்குளம்

தம்பி, இந்தப் பரிசோதனையை நான் இரண்டு தடவை செய்துகொண்டவன். இரண்டாவது தடவை செய்ய நேர்ந்ததற்கு, நீங்கள் இப்போது யோசிக்கும் அதே வழிதான் காரணம். பஸ்ஸுக்குப் பயந்து முழுத் தூளையும் முதல் நாள் பின்னேரமே குடித்து முடித்தேன். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் குடல் வெறுமையாகிவிட்டது என்றுதான் நம்பினேன். ஆனால் நாம் நித்திரை கொண்டாலும் சிறுகுடல் நித்திரை கொள்வதில்லை. விடியுமுன் பித்தநீரும் சளியும் இறங்கிவந்து பெருங்குடலின் வலப்பக்கச் சுவரில் பசைபோலப் படிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு அதற்கு முந்திய நாள்வரை குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் சாப்பிட்டிருந்தேன். அது கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. தந்த துண்டும் ஆங்கிலத்தில் இருந்தது. கமராவைப் பாதிவழியில் வெளியே எடுத்து, ஒன்றும் தெரியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பசைக்குக் கீழே சின்னக் கட்டியொன்று இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிராது.

ஆகவே மருந்து நேரத்தில் கைவைக்காமல், பிரயாணத்தை ஒரு நாள் முன்தள்ளுங்கள். செவ்வாய் மதியமே யாழ்ப்பாணம் போய், வைத்தியசாலைக்குக் கிட்ட உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். முழங்கால் வருத்தக்காரருக்குக் கொமட் உள்ள இடமாகப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் ஓரிரவில் பத்துத் தடவைக்கு மேலும் எழும்ப வேண்டிவரலாம். இரண்டாம் முறை நான் அதிகாலை நாலரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் குடித்து முடித்தேன். அந்தத் தண்ணீர் உவர்க்கிணற்றுத் தண்ணீர்போல நாக்கில் நிற்கும். நன்றாகக் குளிரவைத்து, கால்மணித்தியாலத்துக்கு ஒரு குவளையாகக் குடித்து, இடையிடையே தேசிக்காய்த் துண்டை நாக்கில் தடவிக்கொண்டதால் சமாளித்தேன். ஒவ்வொரு தடவையும் கழுவியபின் துணியால் ஒற்றி வசிலின் பூசாவிட்டால் விடியும்போது இருக்கமுடியாமல் எரியும். கடைசியாகப் போவது வடித்த தேசிக்காய்ச் சாறுபோலத் தெளிந்த மஞ்சளாக இருக்கவேண்டும்; மண்ணிறமாகவே போனால் அங்கே சென்றதும் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா

மேலே எழுதியவர் சொன்னது சரி. உணவைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சிவப்பரிசி, குரக்கன், கீரை, பயறு, கச்சான், கொய்யாப்பழம் ஆகியவற்றை நிறுத்தி, வெள்ளையரிசிச் சோறு, மீன், முட்டை, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு என்று கொடுங்கள். செவ்வாய்க்கிழமை பால் விடாத தேநீர், வடித்த சூப், ஜீவனி போன்ற தெளிந்த நீராகாரம் மட்டுமே. போட்டெலோ போலச் சிவப்பாகவோ ஊதாவாகவோ உள்ள பானம் உள்ளே இரத்தமோ என்ற மயக்கத்தைத் தரும். அப்பா வெற்றிலை போடுபவரென்றால் அதையும் அன்று விடச் சொல்லுங்கள்.

இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறாரா என்று உடனே பாருங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும் என்பதால், சுமார் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தும்படி சொல்வது வழக்கம். இன்றே தொலைபேசியில் கேளுங்கள். வோபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளையும் சீனி வருத்தத்துக்கான குளிசை, இன்சுலின் ஆகியவற்றையும் நீங்களாகவே நிறுத்தவும் கூடாது, கேட்காமல் வழமைபோலத் தொடரவும் கூடாது; என்ன செய்வதென்று வைத்தியரிடமே கேளுங்கள்.

வலியைப் பற்றி அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, பெரும்பாலும் மயக்கமூட்டும் ஊசி போட்டபின்னரே, விரல் பருமனான வளையும் குழாயைச் செலுத்துவார்கள். பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமானது. அதன் வளைவுகளைத் தாண்டும்போதும் உள்ளே காற்று விடும்போதும் வயிறு முறுக்குவதுபோல இருக்கும். சுவரின் உட்தோலுக்கு வெட்டு வலி தெரியாது என்பதால், சிறு துண்டு எடுத்தாலோ கட்டியை அகற்றினாலோ அவருக்கு உணர்வே இராது. பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு காற்றுப் பிரியும். வெட்கப்பட்டு அடக்கினால்தான் வயிற்றுவலி கூடும். ஊசி போட்டால் 24 மணித்தியாலத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவோ காணி உறுதியில் கையெழுத்திடவோ கூடாது, எனவே துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். துண்டு எடுத்திருந்தால் சிறிது இரத்தம் தெரியலாம். கட்டிகட்டியாக இரத்தம் போனாலோ, வயிறு இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஊருக்குத் திரும்பிவிட்டோமே என்று யோசிக்காமல் கிட்டிய வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

குளக்கட்டு, ஒட்டுசுட்டான்

இருவருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் சித்தி வீட்டில் கொமட் இருக்கிறது. செவ்வாய் மதியமே அங்கே போகிறோம். இரும்புச்சத்துக் குளிசை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், காலையில் கேட்கிறேன். வளவில் செவ்விளநீர் நிற்கிறது. அதைக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி, வவுனியா

செவ்வாய்க்கிழமை கொடுக்கலாம், வழுக்கையை விட்டுவிடுங்கள். சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ இருந்தால் மட்டும், இளநீரைப் பற்றியும் அந்தத் தூளைப் பற்றியும் வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். புதன் காலை எட்டு மணிக்குப் பின் தண்ணீர்கூட வேண்டாம். வைத்தியசாலையில் எழுதித் தந்த துண்டில் அதற்கு முந்திய நேரம் இருந்தால் அதையே பாருங்கள்.