புதுப்பிப்பு: கிங்டம் கம் வாள் சண்டை பிடிபட்டுவிட்டது

'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' வீடியோ விளையாட்டில் இரண்டு கொள்ளையர்கள் சேர்ந்து வந்தாலே நாயகன் ஹென்றி செத்துப்போகிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். "கதையை நிறுத்திட்டு ராட்டாய் ஊர்ல தளபதி பெர்னார்டுகிட்ட பயிற்சி எடு தம்பி" என்று சொன்ன குன்னூர் அண்ணனுக்குப் பெரிய நன்றி.

கோத்தகிரியில் விடாத மழை. கரண்ட் இருந்த நேரமெல்லாம் பெர்னார்டோடுதான். எதிரியின் வெட்டு இறங்கும்போது திரையில் பச்சைக் கேடயக் குறி ஒன்று மின்னும். அந்த நொடியில் தடுத்தால்தான் சரியான தடுப்பு. குளிரில் விரல் விறைத்திருந்தால் அது தவறிவிடும், கையைச் சூடாக்கிக்கொண்டு உட்காருங்கள். அப்புறம் ஸ்டாமினா, அதாவது ஹென்றியின் தெம்பைக் காட்டும் பட்டை. அது தீர்ந்தபின் வாங்கும் அடி நேராக உயிரில் இறங்கும். அதனால் இரண்டு வெட்டு, ஒரு அடி பின்னால், பட்டை நிறையும்வரை பொறுமை. இரும்புக் கவசம் போட்டவனிடம் வாளைவிடக் கதாயுதம்தான் பேசும்.

1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கொல்லன் மகனான ஹென்றிக்கு வாள் எப்படி உடனே வரும்? பழகப் பழக அவன் கை தேறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. கடைசியாகக் கொள்ளையர் இருவரையும் வீழ்த்திவிட்டேன்.

அடுத்தது வில். திரையில் குறிப்புள்ளியே இல்லாமல் எப்படிக் குறிபார்க்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.